முலாம்காரி ஏறிய விமானம்

விமானப் பட்டறையில் அவளுக்கு முலாம்காரி என்று பெயர். ஏறி இறங்கி உழைத்த விமானத்தின் கால்களில், சக்கரம் கோர்க்கும் இடம் தேய்ந்துவிடும். காலையே தூக்கிப் போடாமல், தேய்ந்த இடத்தை மட்டும் நிரப்பிக் கொடுப்பது அவள் வேலை. மின்சாரம் பாயும் கோலின் நுனியில் பஞ்சும் துணியும் சுற்றி, பச்சை நிற நிக்கல் கரைசலில் நனைத்து, அந்த இடத்தில் விடாமல் தேய்ப்பாள். கரைசலில் இருக்கும் உலோகம் மெல்ல மெல்லப் படியும். தலைமுடி கனத்துக்குப் படிந்தாலே பெரிய காரியம்.

குடும்பத்தாரை அழைத்துப் பட்டறையைச் சுற்றிக் காட்டிய நாளில், இதைப் பார்த்த மாமியாருக்கு முகம் தொங்கிப்போனது. மருமகள் விமானம் செய்கிறாள் என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்து வைத்திருந்தவர் அவர்.

"துணியால தொடைக்கிறதுக்கா இவ்வளவு படிச்சே?" என்று கேட்டதோடு சரி, அந்தப் பேச்சையே பிறகு எடுக்கவில்லை.

வெளியூரில் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்ததும், மாமியாரும் மருமகளும் விமானத்தில் கிளம்பினார்கள். இருவருக்கும் அதுதான் முதல் பயணம். கதவு மூடுவதற்கு முன்பே மாமியாருக்கு உதடு உலர்ந்துவிட்டது. அவரைத் தேற்றப்போய் முலாம்காரி வாயை விட்டாள்.

"பயப்படாதீங்க அத்தை. இதே மாதிரி விமானத்தோட காலை நான் சரி பண்ணியிருக்கேன். இதுவாக்கூட இருக்கலாம்."

மாமியாரின் பயம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரரிடம், நாலு வரிசைக்குக் கேட்கும்படி, "இந்த விமானத்தோட காலைச் சரி பண்ணினதே என் மருமகதாங்க!" என்றார்.

"ஏன், காலுக்கு என்ன ஆச்சு?"

"தேஞ்சு போச்சாம்."

முலாம்காரி, "நிக்கல் ஏத்திட்டோம்னா அந்த இடம் கெட்டியாயிடும்ங்க" என்று குறுக்கே புகுந்தாள்.

"அப்போ மத்த இடம்?"

அவள் விளக்க விளக்க, முன்வரிசைக்காரர்களும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பணிப்பெண் வந்தாள். அவளால் ஆகவில்லை என்று துணை விமானியே எழுந்து வந்தார்.

"கவலையே வேண்டாம். இப்படிச் சரி பண்ணின பாகம் நிறைய விமானத்துல இருக்கு" என்றார் சிரித்த முகமாக.

கண்ணாடிக்காரர் அதற்குமேல் உட்காரவில்லை. இறங்கியே தீருவேன் என்று நின்றார். விமானத்தின் வயிற்றிலிருந்த மற்ற பெட்டிகளுக்கு நடுவே அவருடைய பெட்டியைத் தேடி எடுப்பதற்குள் எல்லோருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஒருவழியாக விமானம் கிளம்பியது. மாமியார் நிம்மதியாகத் தூங்கினார். தரையிறங்கும்போது சக்கரம் தட்டிய சத்தத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவள் முலாம்காரிதான்.

நாத்தனார் வீட்டில், குழந்தை யார் ஜாடை என்றுகூடப் பார்க்காமல் மாமியார் ஆரம்பித்தார்.

"ஒரு விமானத்தையே நிறுத்தி வச்சிட்டா பாரு இவ! விமானி நேர்ல வந்து பேசிட்டுப் போறாரு!"

முலாம்காரி கைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். திரும்பி வருவதற்கு ரயில் டிக்கெட் எடுத்து வைக்கும்படி கணவனிடம் சொன்னாள்.