துடக்கு வீட்டுக்குக் கிடைத்த இரத்தம்

அடியார்களே, என் மனைவி நாகேஸ்வரி பிள்ளையைப் பெற்றுவிட்டு, இரத்தம் நிற்காமல் கிடந்தாள். அறுபதுகளின் தொடக்கம், மாசி மாதம். எங்கள் ஊர் முரசுமோட்டையிலிருந்து வாடகைக் காரில் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். உடனே இரண்டு போத்தல் இரத்தம் வேண்டும் என்றார் டாக்டர். என்னுடையது அவளுக்குச் சேரவில்லை. அவள் போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

பின்னாலேயே அவளுடைய பெரியப்பாவும் இரண்டு அண்ணன்மாரும் வந்து இறங்கினார்கள். எங்கள் பரம்பரை, எங்கள் இரத்தம் என்று கலியாண வீடுகளில் தொண்டை கிழியப் பேசுகிறவர்கள். அந்த இரத்தத்தில் கொஞ்சம் கேட்டதும் முகம் வெளிறிவிட்டது.

"அரிவு வெட்டு நேரம் தம்பி. ரத்தம் குடுத்தா பேந்து அரிவாள் பிடிக்க ஏலுமே?" என்றார் பெரியப்பா.

அவர் அரிவாள் பிடித்து யாரும் பார்த்ததில்லை. வரம்பில் குடை பிடித்து நிற்கிற மனிதர். அண்ணன்மார் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். அந்தத் தேத்தண்ணி இன்னும் முடியவில்லை.

நான் மட்டும் என்ன திறம்? பிள்ளை பிறந்த துடக்கு, தீட்டு என்று எதிரே இருந்த அம்மன் கோயில் வாசலையும் மிதிக்காமல், ஆஸ்பத்திரி மதிலோரம் நின்று அழுதேன். "அம்மாளாச்சி, எங்கட ஆக்களில ஒருத்தரை அனுப்பணை" என்றேன். சாகக்கிடக்கிறவளுக்குக் கேட்கும்போதும் சாதி பார்த்துக் கேட்ட மூடன் நான். நல்லகாலம், அம்மாள் அந்தப் பாதியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அங்கே படுத்திருந்த தன் தாயைப் பார்க்க வந்திருந்த புடவை வியாபாரி காசிம் நானா, என் அழுகையைக் கேட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

"அழாதீங்கோ. என்ர ரத்தம் சேருமோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ."

அவருக்குப் பின்னால் ரெயில்வேயில் வேலை செய்த பியதாச, சிங்களவர். "நானும் தாறது" என்றார் அரைகுறைத் தமிழில். இருவருடையதும் சேர்ந்தது.

பெரியப்பா என் காதுக்குள் வந்தார். "உவங்கட ரத்தம் ஏத்தினா அவள் பிள்ளைக்குப் பால் குடுக்கலாமோ? ஐயரிட்ட ஒருக்காக் கேப்பம்."

"அவள் செத்துப்போனா நீங்களோ பால் குடுக்கிறது?" என்றேன்.

பின்னேரம் அவள் கண் திறந்து பிள்ளையைக் கேட்டாள். நான் தரையில் இருந்து அழுதேன்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு. அவர்கள் இருவரையும் முதல் பந்தியில் இருத்தினேன். பெரியப்பா சால்வையை உதறிக்கொண்டு எழும்பினார். நாகேஸ்வரி பிள்ளையோடு முன்னால் வந்து நின்றாள்.

"என்ர உடம்பில ஓடுறது அவையின்ர ரத்தம், பெரியப்பா. அவையோட இருந்து சாப்பிட ஏலாதெண்டா, இனி என்ர கையால தாற சோறும் உங்களுக்கு வேண்டாம்."

அவர் போனார். பந்தியில் ஒரு இலை மிச்சம், அவ்வளவுதான்.

அடியார்களே, அன்று முதல் ஆஸ்பத்திரியில் கேட்கும்போதெல்லாம் இரத்தம் கொடுத்து வருகிறேன். யாருக்குப் போகிறது என்று கேட்பதில்லை. அம்மாளை நம்புங்கள், அவள் கைவிடமாட்டாள். ஆனால் வருகிற வெள்ளி என்னோடு வவுனியா ஆஸ்பத்திரிக்கும் வாருங்கள். அங்கே யாரோ ஒருவர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். அவள் அனுப்புகிற ஆள் நீங்களாக இருங்கள்.