ராத்தாவின் அளவில் ஒரு மெக்ஸி

மருதமுனை பிரதான வீதியில் றஸ்னாவின் தையல் கடை இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் கலியாண உடைகள்: மணி வைத்தது, சரிகை ஓடியது, தரையில் இழுபடுவது. அவற்றுக்கு நடுவே, அதே மாதிரியான பொம்மையில், வெளிறிப்போன நீல நிறத்தில் வீட்டில் உடுக்கும் ஒரு மெக்ஸி. பக்கத் தையல் கோணல்மாணலாகப் போகிறது. மணப்பெண்ணோடு வருகிறவர்கள் முதலில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள்.

“இந்தக் கடையில இரிக்கிற நல்ல உடுப்பு அதுதான்” என்பார் றஸ்னா.

அடக்கமாகப் பேசுவது அவருக்கு வராது. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை எந்தக் கலியாண வீட்டிலும் தன் கைவேலையை வாசலிலேயே அடையாளம் கண்டுவிடுவார். பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லியும் விடுவார். தோளில் ஒரு சுருக்கம் விழுந்தால் போதும், உடுப்பைத் திருப்பி வாங்கி, அவிழ்த்துத் தைத்த பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும். றிபாத் என்ற இளைஞர் சாய்ந்தமருதில் தன் முதல் படத்தை எடுக்கப் போகிறார் என்று தெரிந்ததும், யாரும் கூப்பிடும்வரை காத்திருக்காமல் றஸ்னா அவர் வீட்டுக்கே போனார். உடைகள் தன் பொறுப்பு, படத்தில் தன் பெயர் வரவேண்டும், தையல்காரி என்றல்ல, உடை வடிவமைப்பு என்று வரவேண்டும் என்றார். றிபாத் ஒப்புக்கொண்டார்.

படத்தின் கதை இந்தக் கரைக்குப் புதியதல்ல. இங்கே மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். வாப்பாவின் உழைப்பெல்லாம் மூத்தவளின் வீட்டோடு தீர்ந்துவிட, இளையவள் ஹப்ஸா, ராத்தா என்று கூப்பிடும் அந்த அக்காவின் வீட்டில், ராத்தாவின் குசினியில், ராத்தாவின் சொல்லுக்குள் வாழ்கிறாள். கடைசியில் தானே உழைத்து ஒரு துண்டு வளவு வாங்கி, கூரை ஏறாத வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறாள்.

ஹப்ஸாவாக நடிக்க வந்தவர் அன்ரனிற்றா, கல்முனையைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண். ஊர்ப் பெண்கள் இவரைத் தங்களில் ஒருத்தியாக ஏற்பார்களா என்று றிபாத் பயந்துகொண்டே இருந்தார். றஸ்னாவுக்கு அந்தப் பயமில்லை. மருதமுனை நெசவில் நல்ல பச்சைத் துணியாகத் தேர்ந்து, அன்ரனிற்றாவை நிற்கவைத்து அளவெடுத்து, மெக்ஸி தைத்தார். முக்காடும் அதே துணியில்.

வியாழக்கிழமை கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் படப்பிடிப்பு தொடங்கியது. மோட்டார் சைக்கிளில் மீன் விற்கும் அபுல் ஹஸன், மீன்காரராகவே நடித்தார். ஹப்ஸா மீன் வாங்கக் கோப்பையோடு வாசல் கடப்படிக்கு வரவேண்டும். “சூடைதான் இரிக்கி” என்று அவர் சொல்லவேண்டும். அவ்வளவுதான். சூடை என்பது பெட்டியில் கிடக்கும் மலிவான பொடி மீன். அன்ரனிற்றா வந்தார். அபுல் ஹஸன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன்னை மறந்து சொன்னார்: “மேடம், நல்ல விளமீன் இரிக்கி, பாரையும் இரிக்கி.”

வேலிக்கு அப்பால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அந்த ஒழுங்கையிலேயே பெரிய உடம்பும் பெரிய குரலும் உள்ள ஸஹ்றா, கலியாண வீட்டுக்குப் போற புள்ள சூடை வாங்க வந்திட்டா என்று கத்த, சிரிப்பு அடங்கவே இல்லை. திரும்பத் திரும்ப எடுத்தும் அபுல் ஹஸனின் வாயில் விளமீன்தான் வந்தது.

றிபாத் படப்பிடிப்பை நிறுத்தினார். அடுத்த நாள் ஜும்ஆ, வேலை இல்லை. “சனிக்கிழமையும் இப்பிடியெண்டா உடுப்புக்கு நான் கொழும்பிலயிருந்து ஆள் எடுக்கணும், ராத்தா” என்று மட்டும் சொன்னார்.

றஸ்னா கடைக்குத் திரும்பி மெக்ஸியை உள்ளும் புறமுமாகப் பிரட்டிப் பார்த்தார். ஒரு நூல் பிசகவில்லை. அந்த ஒழுங்கைக்கு நல்ல உடுப்பைக் கண்டால் விளங்காது என்று ஏசினார். கூடவே வந்து உடை மாற்றிக்கொண்டிருந்த அன்ரனிற்றா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்.

“ஹப்ஸாக்கு ஆர் அளவெடுத்துத் தைச்சுக் குடுப்பாங்க? நான் இமக்குலேற் அக்காட சட்டையோடதான் பள்ளிக்கூடம் போன. தோள் வழிஞ்சு வழிஞ்சு விழும். தூக்கித் தூக்கி விட்டுத்தான் நடப்பன்.”

சொல்லும்போதே அவருடைய வலது தோள் தானாக உயர்ந்தது. றஸ்னா அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு வந்த ஒவ்வொருத்திக்கும் அவளவள் அளவில் தைத்தவர் அவர். தனக்கென்று அளவே இல்லாத ஒருத்தி அவருடைய கத்தரிக்கோலுக்கு முன்னால் வந்ததே இல்லை.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நேரே ஸஹ்றாவின் வீட்டுக்குப் போனார்.

“சிரிச்ச வாய மூடிட்டுக் கையத் தூக்குங்க.”

“என்னத்துக்குகா?”

“உங்கட அளவில ஒரு மெக்ஸி வேணும். உங்கட தங்கச்சிக்கு.”

“எனக்குத் தங்கச்சியே இல்லயே.”

“சனிக்கிழம வருவா.”

நீலத் துணியில் ஸஹ்றாவின் அளவுக்குத் தைத்ததைச் சவர்க்காரம் போட்டு அடித்துத் தோய்த்து, வெயிலில் காயவைத்து, திரும்பவும் தோய்த்தார். இனி ஹப்ஸா தன் கையாலேயே பக்கங்களைப் பிடித்துச் சிறிதாக்கியது போலத் தெரியவேண்டும். றஸ்னா ஊசியைக் கோணலாக ஓட்டிப் பார்த்தார். கை கேட்கவில்லை, தையல் நேராகவே போனது. கடைசியில், ஒரு பொத்தான்கூடத் தைத்தறியாத அன்ரனிற்றாவிடமே ஊசியைக் கொடுத்தார். அன்ரனிற்றா விரலில் குத்திக்கொண்டு, நூலை முடிச்சாக்கி, தைத்து முடித்தார். அப்படிப்பட்ட தையலைப் பார்த்து றஸ்னா சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

சனிக்கிழமை அதே ஒழுங்கை, அதே மீன்காரர். ஹப்ஸா கடப்படிக்கு வந்தாள். வழிந்த தோளை ஒரு கையால் தூக்கிவிட்டு, மறு கையால் கோப்பையை நீட்டினாள். அபுல் ஹஸன் நிமிர்ந்து பார்த்தார்.

“சூடைதான் இரிக்கி, தங்கச்சி” என்றவர், சூடையை அள்ளிப் போட்டுக்கொண்டே, யாரும் எழுதிக் கொடுக்காததை மெதுவாகக் கேட்டார்: “ராத்தா இதத்தான் வாங்கச் சொன்னவவா?”

“ஓம்” என்றாள் ஹப்ஸா. அவள் வீட்டுக்குள் போய் மறையும்வரை றிபாத் நிறுத்தச் சொல்லவில்லை. வேலிப் பக்கம் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கொழும்பு ஆளைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது.

கடைசிக் காட்சிக்கு மினுக்கம் வைத்த அபாயா ஒன்றை றிபாத் நினைத்திருந்தார். வேண்டாம் என்று றஸ்னா வாதாடி, பெட்டிக்குள் கிடந்த பச்சை மெக்ஸியை எடுத்துக் கொடுத்தார்.

கல்முனையில் மண்டபம் பிடித்துப் படத்தைக் காட்டினார்கள். பெண்கள் பக்கத்தில் ஸஹ்றா, றஸ்னாவுக்கு அடுத்த கதிரையில். படம் முழுக்க நீலத்திலும் பழுப்பிலும் தோளைத் தூக்கித் தூக்கி நடந்த ஹப்ஸா, கூரையில்லாத தன் வீட்டுக்குள் பச்சை மெக்ஸியோடு நுழைந்தாள். கை தோளுக்குப் போயிற்று. தூக்கிவிட ஒன்றுமில்லை. கையைக் கீழே இறக்கினாள்.

“நான் சிரிச்ச உடுப்புத்தானே இது?” என்று ஸஹ்றா கிசுகிசுத்தார்.

“ஓம். இப்பதான் அது அவளுக்கு வந்திரிக்கி.”

திரையில் உடை வடிவமைப்பு என்ற வரியும் பெயரும் வந்தபோது றஸ்னா எழுந்து நின்றார், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறதே என்றுகூடப் பார்க்காமல். ஸஹ்றா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த நீல மெக்ஸி தன் அளவில் தைத்ததுதானே, தந்துவிடச் சொல்லிக் கேட்டார்.

றஸ்னா கொடுக்கவில்லை. வேறு ஒன்று தைத்துக் கொடுத்தார், நேர்த் தையலில்.