மூன்றெழுத்து மன்னார்

“ஞாயிறு, அசர் தொழுகைக்குப் பின், ஆலங்குடா. சவரக்கத்திகள் இரண்டு. மூத்தது எது? நாளை காலைக்கு முன் சொல்ல வேண்டும்.” இது 2014 மே மாதம் என் நாட்குறிப்பில் நான் எழுதிவைத்தது.

அவசரத்துக்குக் காரணம் ஒரு கைக்குழந்தை. மறுநாள் அதற்கு ஏழாம் நாள், தலைமயிர் இறக்க வேண்டும். குழந்தையின் வாப்பாவைப் பெற்றவர் என் பக்கத்து வளவு நண்பர். 1990இல் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து இங்கே வந்தவர். தன் குடும்பக் கத்தியால்தான் இறக்க வேண்டும் என்றார். குறிஞ்சிப்பிட்டியிலிருந்து வந்திருந்த சம்பந்தி, உம்மாவைப் பெற்றவர், தன் சட்டைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். எது பழையதோ அதுவே என்று பேசி முடித்து, பழைய சாமான்களுக்கு வயது பார்க்கும் என்னிடம் வந்தார்கள்.

“என்ட கத்தியில ஊர்ப் பேரே இருக்கு, நானா” என்றார் நண்பர், என்னை அண்ணன் முறை வைத்து. “மன்னார் கச்சேரி ஆபீசுக்கு எண்டு வெள்ளைக்காரன் அடிச்சுக் குடுத்தது. சாரத்து மடியில வச்சுக் கொண்டு வந்தேன்.”

“கச்சேரியில சவரமா பண்ணினாங்க?” என்றார் சம்பந்தி.

“உங்கட ஊர்ல கச்சேரியே இல்லையே!”

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அலகின் அடித்தண்டில் தேய்ந்துபோன ஆங்கில எழுத்துகள். எம், ஏ, என் என்ற மூன்று மட்டும் தெளிவு. மன்னாரின் தொடக்கமாக இருக்கலாம். ஆனால் ஜெர்மனி என்ற சொல்லின் நடுவிலும் அதே மூன்றும் அதே வரிசையில் வருகின்றன. அலகின் இரு பக்கமும் கிண்ணம்போல் குழிவாகத் தீட்டப்பட்டிருந்தது. அந்த வேலைப்பாடும், நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவின.

சம்பந்தியின் கத்தியில் அலகு குழிவில்லாமல் ஆப்புப்போல் தடித்திருந்தது; அது அதற்கு முந்திய காலத்து வேலைப்பாடு. நாட்டுப் பெயர் இல்லை. கைப்பிடியை விரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தேன். கற்பூர வாசம்.

“இது செலுலாய்ட். பழைய காலத்து பிளாஸ்டிக்.”

நண்பர் தொடையில் தட்டிச் சிரித்தார். “பிளாஸ்டிக்காம், சம்மந்தி! கொண்டுபோய் வாளியோட வைங்க.”

“பொறுங்க” என்றேன். “கைப்பிடி உடைஞ்சா மாத்துவாங்க. அலகுதான் கணக்கு. குறிஞ்சிப்பிட்டிக் கத்திதான் மூத்தது. உங்கடது ஜெர்மனியா இருக்கத்தான் கூடுதல் வாய்ப்பு.”

நண்பரின் சிரிப்பு நின்றது. “அப்ப அதுல மன்னார் எண்டு இல்லையா?” என்று மெதுவாகக் கேட்டார். கத்தியின் வயது அவருக்கு மறந்தே போயிருந்தது. ஊரிலிருந்து அவர் கையோடு வந்த பொருள்களில், ஊர்ப் பெயரைத் தாங்கியது என்று அவர் நம்பியது அது ஒன்றுதான்.

நான் பூதக்கண்ணாடியை மறுபடி எடுக்கையில் சம்பந்தி கேட்டார்:

“நானா, ஜெர்மனி எண்டு முழுசாத் தெரியுதா?”

“இல்ல. நடு மூண்டெழுத்துத்தான்.”

“அப்ப ஏன் ஜெர்மனிக்குக் குடுக்கணும்? மன்னாருக்கே குடுங்க. என்ட கத்தி மூத்தது எண்டு நீங்களே சொல்லிட்டீங்க. மூத்தவங்கதானே விட்டுக்குடுக்கணும்?”

“ஓம், ஓம்” என்றார் நண்பர், சிரிப்பு திரும்பிவர.

உள்ளேயிருந்து பிள்ளையின் உம்மா குரல் கொடுத்தாள். “கறள் புடிச்ச அந்த ரெண்டு கத்தியும் என்ட புள்ளட தலையில படப்படாது! சலூன்காரர் புது பிளேட் கொண்டு வாறார்.”

கடைசியில் அவளும் கொஞ்சம் இறங்கிவந்தாள். மறுநாள் காலை, நெற்றிக்கு மேல் நீண்டிருந்த ஒரு கொத்து முடியைச் சம்பந்தி விரலால் தூக்கிப் பிடிக்க, அதன் நுனியை மட்டும் மன்னார்க் கத்தி வெட்டியது. மீதியைப் புது பிளேட் பார்த்துக்கொண்டது. பிள்ளை விழிக்கவேயில்லை.

நாட்குறிப்பில் அந்தக் கத்திக்கு எதிரே இன்னும் கேள்விக்குறிதான். எம் எழுத்துக்கு முன்னால் ஒரு சாய்ந்த கீறல் இருக்கிறது. அது ஜெர்மனியில் வரும் ஆர் எழுத்தின் காலா, சாணைக்கல் பட்ட காயமா என்பதை நான் இன்றுவரை உறுதி செய்யவில்லை.