ஷாலினி கேட்டாள்

இதை எழுத ஆறு வருஷம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன்... கடைசியில் என் வாரச் சமையல் பத்தியில் ரசம், கீரை என்று எதையாவது எழுதி அந்த வாரத்தை ஒப்பேற்றிவிடுவேன்.

போன மாதம் கிள்ளான் பாசாரில் காய்கறி வாங்கும்போது ஒரு வாசகி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, எல்லாப் பருப்பையும் எழுதிட்டீங்க. வால்நட்ட மட்டும் ஏன்கா விட்டீங்க? என் பொண்ணுக்கு பரீட்சை வருதுலா!"



வால்நட் நல்ல பொருள்தான். நல்ல கொழுப்பு, புரதம் எல்லாம் உண்டு. ஊற வைத்தால் தோலின் கசப்பு குறையும். ஈரம் போகக் காயவைத்து, லேசாக வறுத்து, பேரீச்சம்பழம், ஏலக்காய் சேர்த்து இடித்தால் உருண்டை பிடிக்க வரும். சர்க்கரையே வேண்டாம். பார்க்க மூளை மாதிரி இருக்கிறதே, மூளைக்கு நல்லது என்று நானும் நம்பினேன்.

எங்கள் மேரு பக்கத்துக் கோயிலில் எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதிப் பரீட்சைக்கு முன்னால் பேனா வைத்துப் பூஜை செய்வார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை பிரசாதம் என் உபயம். விரதம் இருந்து அறுபது வால்நட் உருண்டை பிடித்தேன்.

வரிசையில் ஷாலினி வந்தாள். எங்கள் தாமான் குடியிருப்புப் பெண். பதினேழு வயது.

"ஆன்டி, இதுல நட்ஸ் இருக்கா? எனக்கு ஒத்துக்காது. சின்னதுல ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன்."

நான் சிரித்தேன். "பரீட்சைக்கு முன்னாடி நீயே கேள்வி கேக்குறியா? சாமிக்குப் படைச்சதும்மா, என்ன செய்யும்? பிரசாதத்த வேண்டாம்னு சொல்லக் கூடாது."

கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. வேறு யார் காதிலும் விழவில்லை. பெரியவர்கள் சொன்னால் மறுத்துப் பேசத் தெரியாத பிள்ளை... கண்ணில் ஒற்றி வாயில் போட்டாள்.

செருப்பு விட்ட இடம் வரைகூடப் போகவில்லை. உதடு வீங்கியது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய்த் திருநீறு பூசினேன். ஓட வேண்டியது ஆஸ்பத்திரிக்கு அல்லவா?

கார் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

காரியம் முடிந்து அவள் அம்மா என்னிடம் வந்தார். "எங்க போனாலும் நட்ஸ் இருக்கான்னு கேப்பாளே அக்கா. உங்ககிட்ட கேக்கலையா?"

"கேக்கலையே" என்றேன்.

அந்த ஒரு சொல்! மகளின் கவனக்குறைவுதான் அவளைக் கொன்றது என்று ஆறு வருஷம் அந்தத் தாய் நம்பிக்கொண்டிருந்தார்.

ஆண்டவன் மேல் பழி போடமாட்டேன். பிரசாதம் கொடு என்றுதான் அவன் சொன்னான். கேட்டவள் வாயை அடைக்கச் சொன்னானா?

போன மாதம் அந்த வாசகி கேட்டதும், பாசாரிலிருந்து நேரே ஷாலினி அம்மாவின் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை, திட்டவில்லை. மகள் படத்தின் பக்கம் திரும்பினார்.

"கேட்டாளா..." என்றார். பிறகு, "அவ பேரப் போட்டே எழுதுங்க. எல்லாருக்கும் தெரியட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எழுதிவிட்டேன். நாலு பேருக்கு அனுப்புங்கள். எனக்காக இரக்கப்பட்டு ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள். முக்கியமாக, தலைப்பை.