பூட்டு மாற்றச் சொன்ன எங்கள் மாப்பிள்ளை

தேங்காய்த்திட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது பேத்தி போன் பண்ணினாள். "ஆயா, அப்பா ஆபீஸ்ல மயங்கி விழுந்துட்டாராம்." மாப்பிள்ளை வேலை பார்த்ததே ஒரு ஆஸ்பத்திரியில்தான். டாக்டர்கள் சுற்றி நின்றும் பிழைக்கவில்லை. நான் உப்பளத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வாசலில் நாற்காலி போட்டுவிட்டார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் ஒரே மகளின் கணவர் அருள்தாஸ், அந்த ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களுக்குக் காவல். நோயாளிகளின் விவரம் வெளியே போகும்போது, வழியில் யாரும் படிக்காதபடி பூட்டி அனுப்புவது அவர் வேலை. கல்யாணமான புதிதில், "கதவே இல்லாத எடத்துல என்ன பூட்டு மாப்ளே?" என்று கேலி செய்தேன்.

"கணக்குதான் பூட்டு அத்தை. ரெண்டு பெரிய எண்ணைப் பெருக்கிடலாம். வந்த விடையைக் குடுத்து, எந்த ரெண்டைப் பெருக்கினேன்னு கேட்டா கம்ப்யூட்டரே முழிக்கும்."

அஞ்சாவது வரை படித்த எனக்கே புரிந்தது. எங்கள் தெருவில் எவளுக்கு இப்படி ஒரு மருமகன்?

பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. வெளிநாட்டில் குவாண்டம் கம்ப்யூட்டர் என்று ஒன்றைச் செய்து பார்க்கிறார்களாம். அது வளர்ந்து பெரிதானால் இந்தக் கணக்கை உடைத்துவிடுமாம். "வர்றப்ப பாத்துக்கலாமே" என்றேன்.

"திருடன் இன்னிக்கே விவரத்தைப் பூட்டோட திருடி வெச்சிக்கிட்டு, அது வர்ற வரைக்கும் காத்திருப்பான் அத்தை. மீனா இருந்தா நாறிடும், திருடினவனே கொட்டிடுவான். இது நாறாது."

தினமும் சாயங்காலம் ரத்தப் பரிசோதனை விவரமெல்லாம், பிள்ளைச்சாவடியிலிருந்து வந்த ஒரு கைக்குழந்தையினுடையது வரை, பேரோடு வெளிநாட்டு லேபுக்குப் போகும். புதுப் பூட்டுக்கான கணக்கு அப்போது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருந்தது. அது கைக்கு வந்ததும் மாற்ற இப்போதே தயாராவோம், அதுவரை பேரையாவது எடுத்துவிட்டு அனுப்புவோம் என்று இவர் கேட்டார். மேனேஜர் தோளில் தட்டினாராம். "அதுக்கு இருவது வருஷம் ஆவும் அருள். அப்ப நீயும் ரிட்டயர், நானும் ரிட்டயர்."

"நாம ரிட்டயர் சார். அந்தக் கொழந்தைய அப்பதான் பொண்ணு பாக்க வருவாங்க."

வருஷக்கணக்கில் கேட்டார். கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டார். "இனிமே மாத்தினாலும் போனது போனதுதான் அத்தை. திருப்பி வாங்க முடியாது" என்றார். போனவற்றில் எங்கள் வீட்டுப் பேரும் ஒன்று உண்டு. யார், என்ன நோய் என்று எழுத மாட்டேன்.

அடக்கத்துக்கு மேனேஜர் பெரிய மாலையோடு வந்திருந்தார். சாமியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கையில் அவருக்குப் போன் வந்தது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார்: "ஆமா, இங்கதான் இருக்கேன். லேபுக்கு நீ எப்பவும் போல அனுப்பிடு." பெட்டி குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு பிடி மண் போட்டேன்.

போய் வாருங்கள் மாப்பிள்ளை. உங்களிடம் சொல்லி அனுப்ப நல்ல சேதி ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.