பிரேமாவதி போட்ட எட்டு வருடக் கணக்கு

1941 டிசம்பர் எட்டாம் தேதி காலை, மலாயாவின் சுங்கை பட்டாணி விமானத் திடலில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, பிரேமாவதி பள்ளிச் சீருடையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். பள்ளியின் கடைசித் தேர்வான சீனியர் கேம்பிரிட்ஜ் நடந்துகொண்டிருந்தது. இரண்டு தாள் எழுதியாயிற்று. அடுத்தது கணக்கு. பஸ் வரவில்லை. அந்த வாரத்திலேயே வெள்ளைக்காரத் துரைகள் காரைக் கிளப்பிக்கொண்டு தெற்கே ஓடிவிட்டார்கள். பள்ளியைப் பூட்டினார்கள்.

பக்கத்தில் திகாம் பத்து என்ற ஊருக்கு உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில் அவள் அப்பா தர்மலிங்கம் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துப் புண் கட்டும் டிரசர். மகள் டாக்டராக வேண்டும் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அது அவளாகவே பிடித்துக்கொண்ட பிடிவாதம். பெண்கள் பள்ளியில் பௌதிகமும் ரசாயனமும் கிடையாது; தாவரவியலும் சுகாதாரமும்தான். பௌதிகமும் ரசாயனமும் இல்லாமல் சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போட்டால் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ரப்பர் பால் எடையைக் குறிக்கும் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுதினாள். 1942இல் ரசாயனம், நின்றுபோன கணக்கு. 1943இல் பௌதிகம். 1944இல் மனு. பிறகு கல்லூரியில் ஆறு வருடம். 1950இல் டாக்டர். சண்டை எப்போது முடியும் என்பதற்கு அதில் இடம் விடவில்லை.

புத்தகம் வேண்டுமே? திகாம் பத்து பாசாரில் பள்ளிப் புத்தகங்களைக் கிழித்துக் கச்சான் கடலை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சாக்கு மரவள்ளிக்கிழங்கைக் கொடுத்து, பாதி கிழிந்த ரசாயனப் புத்தகம் ஒன்றையும் முழுசாக ஒரு பௌதிகப் புத்தகத்தையும் வாங்கி வந்தாள். அமிலங்களைப் பற்றிய பாடம் முழுக்கப் போயிருந்தது. கணக்கு சரியா தப்பா என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. ஒரே கணக்கை வெள்ளிக்கிழமை ஒரு முறை, அடுத்த புதன்கிழமை ஒரு முறை போட்டு, இரண்டு விடையும் ஒத்துப்போனால் மேலே போனாள். ஒத்துப்போகாத நாட்களில் யாருடனும் பேசமாட்டாள்.

அவள் அம்மா பிச்சையம்மாளுக்கு வேறு பயம். வயசுப் பெண்ணை ஜப்பான் சிப்பாய் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று தோட்டம் தோட்டமாக அவசரக் கல்யாணங்கள் நடந்துகொண்டிருந்தன. லூனாஸிலிருந்து பரஞ்சோதி என்ற பையனும் அவன் அத்தை ராக்காயியும் பெண் பார்க்க வந்தார்கள். பையன் நல்லவன்தான். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி.

பிரேமாவதி தேத்தண்ணி கொண்டுவரவில்லை. அந்தத் தாளைக் கொண்டுவந்து அவன் முன்னால் விரித்தாள்.

"இத படிச்சுப் பாருங்க. அம்பதாம் வருஷம் வரைக்கும் எழுதியிருக்கு. நடுவுல கல்யாணம்னு எங்கயாச்சும் இருக்கா?"

அவன் நிதானமாகப் படித்தான். "இல்லீங்க."

"அவ்வளவுதான்."

ராக்காயி எழுந்துவிட்டாள். "பொம்பளப் புள்ள பேசுற பேச்சா இது? ஜப்பான்காரன் தலைக்கு மேல நிக்கிறான், இவ டாக்டருக்குப் படிக்கிறாளாம்லா!"

அன்று முதல் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் அவளுக்கு 'டாக்டரம்மா' என்று பெயர். தண்ணிக் குழாயடியில் கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவள் தலையைக் குனியவில்லை. ஒவ்வொரு முறையும் திரும்பி நின்று, "என்ன செய்யுது?" என்று கேட்டாள். கொஞ்ச நாளில் சிலர் நிஜமாகவே சொல்ல ஆரம்பித்தார்கள். காலில் புண், பிள்ளைக்குக் காய்ச்சல்.

1943 நடுவில் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்தார்கள். லயத்திலிருந்து எண்பது பேர். அவர்களோடு டிரசரும் போக வேண்டும் என்று உத்தரவு. தர்மலிங்கம் லாரியில் ஏறும்போது ஆஸ்பத்திரிச் சாவியை மகள் கையில் வைத்தார். பேச நேரம் இருக்கவில்லை.

ஒரு வாரத்தில் பெரிய கிராணி பக்கிரிசாமி சாவியைக் கேட்டு வந்தார். அந்தக் கட்டடத்தில் நெல் மூட்டை அடுக்க வேண்டுமாம்.

"உள்ள ஒம்பது பேர் படுத்திருக்காங்க. அவங்கள எங்க அடுக்குறது, சொல்லுங்க," என்றாள்.

பக்கிரிசாமி கெட்டவர் இல்லை. குரலைத் தணித்தார். "இங்க கெடந்து ஏம்மா கஷ்டமும் சூசாவும் படுற? சிங்கப்பூர்ல ஜப்பான்காரங்களே டாக்டர் படிப்பு ஆரம்பிச்சிருக்காங்க. அவங்க நிப்போங்கோ பாஷையக் கத்துக்க, நான் பெரிய எடத்துல சொல்றேன். உன் தாள்ல போட்ட வருஷத்துக்கு முன்னாடியே சேர்ந்துரலாம்."

அவளுக்கு ஆசை இருந்தது, அதை மறைக்க முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கப்பாவ லாரில ஏத்துனவங்களுக்கு நான் மனு எழுதமாட்டேன் கிராணி. எனக்கு எத்தன வருஷம் தள்ளிப்போனாலும் சரி."

"புள்ள, கோவத்துல பேசாத."

"கோவந்தான். சாவியும் தரமாட்டேன்."

நெல் மூட்டை தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. அவளுக்கு ஆஸ்பத்திரி மிஞ்சியது, மருந்து மிஞ்சவில்லை. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா தீர்ந்துபோனது. கந்தல் துணியை அவித்துப் புண்ணைக் கட்டினாள். அப்பாவின் பழைய மைக்ரோஸ்கோப்பில் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் படம் வரைந்தாள். ஒன்பது பேரில் நான்கு பேர் இறந்தார்கள். எந்தக் காய்ச்சல் என்று தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்ததை அவள் கடைசிவரை யாருக்கும் விவரமாகச் சொன்னதில்லை. 1944 போயிற்று. தாளில் 'மனு' என்று எழுதியதை அடித்து, வருடம் போடாமல் விட்டாள்.

சண்டை முடிந்து, சயாமுக்குப் போன எண்பது பேரில் பத்தொன்பது பேர் திரும்பினார்கள். தர்மலிங்கம் காலராவில் போய்விட்டார் என்று அவர்கள்தான் சொன்னார்கள்.

பள்ளி திறந்ததும் போய் நின்றாள். "இருபத்திரண்டு வயதில் மாணவியா?" என்றார் தலைமை ஆசிரியை.

"வயசு என் தப்பில்லீங்க. ரெண்டு தாள் எழுதிட்டேன். மிச்சத்த எழுத விடுங்க."

எல்லாத் தாளையும் முதலிலிருந்தே எழுத வேண்டும் என்றார்கள். எழுதினாள். கணக்கில் கிரெடிட் தேர்ச்சி. ஆனால் மருத்துவக் கல்லூரி மனுவைத் திருப்பி அனுப்பியது. பௌதிகம், ரசாயனம் எந்தப் பள்ளியிலும் படித்ததற்குச் சான்று இல்லை என்று.

அன்றைக்கு மட்டும் அழுதாள். மறுநாள் ஆண்கள் பள்ளிக்குப் போய் விஞ்ஞான வகுப்பில் இடம் கேட்டாள். வழக்கம் இல்லை என்றார்கள். மூன்று முறை போனாள். நான்காம் முறை, பின்வரிசையில் நாற்காலி போட்டுத் தந்தார்கள். பதினேழு வயதுப் பையன்கள் 'அக்கா' என்றார்கள். அமிலங்களைப் பற்றிய பாடம் அங்கேதான் அவளுக்குக் கிடைத்தது. மற்றதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. சில இடங்களில் தப்பாக.

1947இல் கல்லூரி இடம் கொடுத்தது. ரயில் ஏறும் நாளில் பிச்சையம்மாள் கடலோர ஊரான தஞ்சோங் டாவாயின் கருவாட்டைப் புத்தகப் பெட்டிக்குள் வைத்துக் கட்டினாள். நாற்றம் அடிக்கும் என்று மகள் சண்டை போட்டாள். அம்மா எடுக்கவில்லை.

உடற்கூற்றுத் தேர்வில் ஒரு முறை தோற்றாள். ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதினாள். 1954இல், முப்பத்தோரு வயதில், டாக்டர் பிரேமாவதி தர்மலிங்கம் என்ற பெயரோடு கெடா மாநில அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் மாதமே மேலதிகாரியுடன் தகராறு. தோட்டத்துக் காய்ச்சல்காரர்களை வராந்தாவில் படுக்கவைத்திருந்தார்கள். அவள் அவர்களைக் கட்டிலோடு வார்டுக்குள்ளே இழுத்துப் போட்டாள்.