வயசான வண்டிக்குக் கெட்டி ஆயில்

நீலகிரி மலைமேல் அருவங்காட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்று அங்கேயே தங்கிவிட்ட சபாபதிக்கு, தன் பழைய டர்போ டீசல் காரோடு மல்லுக்கட்டியே அலுத்துவிட்டது. "வயசான என்ஜினுக்குக் கெட்டி ஆயில்தானுங்க சரி" என்று மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் மெக்கானிக் ஊற்றி அனுப்பியிருந்தார். மலை ஏறி வந்தபிறகு, விடியற்குளிரில் கிளப்பும்போதெல்லாம், என்ஜினுக்குக் காற்றை ஊதித் தள்ளும் டர்போ ஆயில் எட்டாமல் ஊளையிட்டது போல் கத்தியது. இரண்டு தடவை கீழே கொண்டுபோய்க் காட்டினார். அந்த வெயிலில் ஒரு சத்தமும் வரவில்லை.

"வயசாயிருச்சில்லீங்க, காதுல ஏதாச்சும் கேக்கும்" என்றார் மெக்கானிக்.

மூன்றாம் தடவை இறங்கத் தெம்பில்லாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். மனைவி புஷ்பவல்லி, உறைந்துபோன தேங்காயெண்ணெய் பாட்டிலை அடுப்போரம் வைத்தாள். சபாபதி அதையே பார்த்தார். பிறகு எழுந்துபோய், கார் ஷெட்டில் கிடந்த மிச்ச ஆயில் கேனைச் சாய்த்தார். அது இறங்குவேனா என்று தேன்போல வழிந்தது. வண்டியோடு வந்த புத்தகத்தைத் தூசி தட்டிப் புரட்டினார். குளிரிலும் இளகி ஓடும் 5W-40 சிந்தெட்டிக் ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்று அதில் முதல் நாளிலிருந்தே அச்சாகியிருந்தது.

"என்னங்க ஆச்சு?" என்றாள் புஷ்பவல்லி.

"என் வயசையும் பாத்தாங்க, வண்டி வயசையும் பாத்தாங்க புஷ்பா. ரெண்டும் எந்த ஊருக் குளுருல கெடக்குதுன்னு ஒருத்தனும் கேக்கல."